செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூரில் இயங்கிவரும் நம் வரலாற்று ஆர்வலர் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. கல்வெட்டுப் பயிற்சி வகுப்பு இனிதே நடந்தேறியது. ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் குழுவாகச் சென்று வந்தோம். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துச் சென்னைப் பட்டாளத்தின் உடுப்புகளைப் பற்றிய கண்காட்சி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "வெள்ளைக்காரன் உடுப்புக்கு நாம் எதற்குக் கண்காட்சி வைக்க வேண்டும்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அன்று விடை சொல்ல நேரம் தரப்படவில்லை. இன்று சொல்கிறேன்.

அந்தக் காக்கித் துணிக்கும் நம் பேட்டைக்கும் உள்ள உறவை இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மறக்கலாகாது. 1920இல் ஒரே நிறுவனமாக இணைந்த, நம் பகுதியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் துணி ஆலைகள் காக்கித் துணிக்குப் பெயர்போனவையாக இருந்தன. 1921இல் இதே ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததையும், துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியானதையும் நம் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. அதை நாம் பேசியதே இல்லை. இங்கே காக்கி நெய்யப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, காக்கி உடுத்திய தமிழ்ச் சிப்பாய்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1922இல் இந்திய ராணுவம் மாற்றியமைக்கப்பட்டபோது, சென்னைப் பட்டாளத்தில் எஞ்சியிருந்த கர்நாடிக் காலாட்படைப் பிரிவுகளும் வாலாஜாபாத் இலகு காலாட்படையும் 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டன. பழைய பெயர்களும் எண்களும் தோள்பட்டையிலிருந்து இறங்கின. அடுத்து, அரசுச் செலவை ஆராய அமைக்கப்பட்ட இஞ்ச்கேப் குழு செலவுக் குறைப்பை வலியுறுத்தியது. 1928க்குள் அந்த ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாளங்கள் அனைத்தும் கலைக்கப்பட்டன. பாதை வெட்டவும் பாலம் கட்டவும் போருக்குப் போன மெட்ராஸ் பயோனியர்களுக்கு 1933இல் அதே கதி. பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியாளர் படை மட்டுமே தப்பியது.

செலவு என்பது பாதிக் காரணம்தான். 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய் போருக்கு லாயக்கற்றவன் என்று உறுதியாக நம்பியவர். பஞ்சாபியர், கூர்க்கா, பட்டாணியர் போன்றோரே 'வீரச் சாதிகள்' என்ற அந்தக் கொள்கை அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. ஆள் குறைக்க வேண்டும் என்றதும் கத்தி முதலில் நம் பக்கம் திரும்பியது. மறுபடியும் போர் மூண்டு ஆள் தட்டுப்பாடு வந்ததும் 1941இல் மெட்ராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள். 1944இல் இத்தாலியில், கண்ணிவெடியின் மீது தன் உடலைப் போட்டுச் சகாக்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருதைக் கொடுத்தார்கள். லாயக்கற்றவன் என்று சொன்னவர்களுக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

ஆகவே அது வெள்ளைக்காரன் உடுப்பு அன்று. உடுத்தியவன் நம் ஊர்க்காரன்.

கண்காட்சிக்கு வந்தவற்றுள் ஒரு காக்கிச் சட்டையை மட்டும் குறிப்பிடுகிறேன். பயோனியர் படை கலைக்கப்பட்டபோது ஊர் திரும்பிய ஒரு ஹவில்தாரின் சட்டை. பேரன் இரவலாகக் கொடுத்தார். அதன் பித்தளைப் பொத்தான்கள் துணியோடு தைக்கப்படவில்லை. பொத்தானின் பின்னுள்ள காதைத் துணியின் துளைவழி உள்ளே விட்டு, பின்புறம் சிறு வளையத்தால் மாட்டியிருக்கிறார்கள். வெளுக்கப் போடும்போது எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடலாம். பித்தளையும் தேயாது, துணியும் கிழியாது. கழுத்துப்பட்டையின் உள்மடிப்பில் வியர்வைக்கறை இன்னும் பழுப்பாக நிற்கிறது. உடன் வந்த கால்பட்டி, அதாவது காலில் சுற்றும் துணிப்பட்டை, சுமார் ஒன்பது அடி நீளம். காலாட்படையினர் அதைக் கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிப்பார்கள்; குதிரைப்படையினர் மேலிருந்து கீழாகச் சுற்றுவார்கள். பள்ளி மாணவர்கள் அதைத் தங்கள் காலில் சுற்றிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். இந்தச் சங்கத்தின் கூட்டமொன்றில் இளைஞர்கள் வரிசையில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

இந்த இடத்தில் என் வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். அழைப்பிதழில் தம் பெயர் அச்சாக வேண்டும் என்று கேட்டவர்களில் பலர் கண்காட்சிப் பக்கமே வரவில்லை. மேசைக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரித்துத் தீர்மானம் நிறைவேற்றினோம். பெரும்பாலான மேசைகளுக்கு ஆள் இல்லை. இரவல் வாங்கிய பொருள்கள் தொலைந்துவிடக் கூடாதே என்று நானும் பொருளாளரும் மதியச் சாப்பாட்டுக்குக்கூட மாறி மாறித்தான் போனோம். உடல்நலக் குறைவு, வீட்டு விசேஷம் என்றால் புரிந்துகொள்ளலாம். வர இயலாது என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

சந்தா நிலவரமும் இதுதான். முந்தைய ஆண்டுப் பாக்கியையே இன்னும் தராதவர்கள் இருக்கிறார்கள். நினைவூட்டல் அனுப்பினால் கும்பிடும் படம் பதிலாக வருகிறது, பணம் வருவதில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, செலவு வரவைச் சற்றே தாண்டியது. நன்கொடையாளர் சிலரின் உதவியால் ஈடுகட்டப்பட்டது. விவரமான கணக்கு தணிக்கை முடிந்ததும் சுற்றுக்கு அனுப்பப்படும்.

மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், அழைப்பிதழ் அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும், உடுப்புகளை நம்பிக் கொடுத்த குடும்பத்தினருக்கும், ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில், நம் மாவட்டங்களின் ஊர்களில் பதிக்கப்பட்டிருக்கும் முதல் உலகப்போர் நினைவுக் கற்களைப் பதிவு செய்ய எண்ணம். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர்' என்று சொல்லும் அந்தக் கற்கள் சுண்ணாம்புப் பூச்சுக்கடியில் மறைந்துகொண்டிருக்கின்றன. அதற்கு வண்டிச் செலவு ஆகும், கூட வர ஆளும் வேண்டும்.

அதைவிட அவசரமானது அந்தச் சட்டை. சங்கத்திடமே நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் பேரன். நம் அறையிலோ கரையானும் ஓதமும். பூச்சி புகாத, வெயில் படாத ஒரு கண்ணாடி அலமாரி இல்லாமல் அதை வாங்கி வைக்க எனக்குத் துணிவில்லை. பொங்கலுக்குள் முடிவு சொல்வதாக அவரிடம் கூறியிருக்கிறேன். தச்சரிடம் பெற்ற மதிப்பீடு தலைவரிடம் உள்ளது. அடுத்த ஆண்டும் இப்பொறுப்பில் நான் இருக்க வேண்டுமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் இருந்தாலும் அந்த அலமாரி வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் பொருளாளர் அங்கேயே இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்