காய்க்குக் கூலி மிட்டாயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "காயைச் சாப்பிட்டு முடி, மிட்டாய் தருகிறேன்." சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பெற்றோர் பலரும் சொல்வது இது. அன்றைக்குத் தட்டு காலியாகிவிடும். ஆனால் காய் ஒரு வேலை, மிட்டாய் அதற்கான கூலி என்றுதான் பிள்ளை புரிந்துகொள்கிறது. கூலி இல்லாத நாளில் அது ஏன் காயைத் தொடப்போகிறது?

மிட்டாயை அறவே தடுப்பதும் உதவாது. ஆய்வாளர்கள் ஜெனிஃபர் ஃபிஷர், லீஆன் பர்ச் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணெதிரே வைத்துத் தடுத்த தின்பண்டத்தின் மீதே சிறுபிள்ளைகளின் ஆசை கூடியது. வேண்டாத பண்டத்தை வாங்காமலிருப்பது, வாங்கி ஒளித்துவைப்பதைவிட எளிது.

2 முதல் 6 வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது இயல்பு. நாலைந்து முறை கொடுத்துவிட்டு, "இவனுக்குப் பிடிக்காது" என்று அவன் காதுபடவே சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவனும் அதையே நம்பிவிடுகிறான். ஒரு சுவை பழக 8 முதல் 15 முறைகூட ஆகலாம். நன்றாகப் பசித்திருக்கும்போது, மென்மையாக வேகவைத்த காயில் சுண்டுவிரல் நுனியளவு, ஏற்கெனவே பிடித்த உணவுக்குப் பக்கத்தில் வையுங்கள். முகர்ந்து பார்த்தாலும், வாயில் வைத்துத் துப்பினாலும் அதுவும் ஒரு முறைதான். திட்டவும் வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். இரண்டு நாள் விட்டு மறுபடி வையுங்கள். அரைத்து மறைத்துக் கொடுத்தால் சத்து சேரும். காயின் உருவமும் ருசியும் பழகாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அதே காயை நீங்கள் அதே வேளையில் சாப்பிடுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பிரிவினையை மிஞ்ச எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று திணிக்கத் திணிக்க, வயிறு நிறைந்ததை உணரும் திறன் மழுங்குகிறது. ஒவ்வொரு உணவிலும் ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி (மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று) என்று தொடங்கி, கேட்டால் மட்டும் மேலும் பரிமாறுங்கள்.

பசியே இல்லை என்றால் பாலையும் பழச்சாற்றையும் கவனியுங்கள். சாப்பாட்டுக்குச் சற்றுமுன் குடித்த ஒரு டம்ளர் பாலே சின்ன வயிற்றை நிறைத்துவிடும். இடைவேளைகளில் தண்ணீர் மட்டும் போதும்.

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிடும் வகைகள் நாளுக்கு நாள் சுருங்கினாலோ, இந்த யோசனைகளை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரியும் வாசகர்