காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு கடைமடைக்காரன் மடல்

ஆணையத்தில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

2023 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், நாங்களும் நம்பிக் குறுவை விதைத்தோம். அந்த ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு நாடு பார்த்த மழை குறைந்த ஆகஸ்ட். காவிரிக்குத் தண்ணீர் தரும் குடகிலும் வயநாட்டிலும் மழை இல்லை, அக்டோபரில் அணையை மூடிவிட்டார்கள், எங்கள் வயல் கதிர் வரும் நேரத்தில் வெடித்துக் கிடந்தது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வரக்கூடும் என்று வானிலைத் துறை ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. அந்தச் சேதி எங்கள் வாய்க்கால் வரைக்கும் வரவே இல்லை.

கர்நாடகம் விடும் தண்ணீரை அளக்கும் எல்லை இடமான பிலிகுண்டுலுவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வரவேண்டிய தண்ணீர் 123 டிஎம்சிக்கு மேல் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), வருடம் முழுவதற்கும் 177.25. அதாவது முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு தென்மேற்குப் பருவமழையை நம்பியே இருக்கிறது, பசிபிக் கடல் சூடானால் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது அந்த மழைதான். ஆனால் அதே எல் நினோ வடகிழக்குப் பருவமழையைப் பல வருடம் கூட்டித்தான் கொடுத்திருக்கிறது, 2015 சென்னை வெள்ளத்தை யார் மறப்பார்கள்? மறுவருடம் பசிபிக் குளிர்ந்தது, இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வெப்ப வித்தியாசமான இருமுனையும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது, எங்கள் ஐப்பசி அடைமழை பொய்த்துப்போய் சம்பாவும் கருகியது. மேலே வறட்சி என்றால் கீழேயும் வறட்சி என்று கணக்குப் போட முடியாத ஆறு இது.

பற்றாக்குறை வருடத்தில் பங்குகளை விகிதப்படி குறைக்கலாம் என்று 2007-லேயே காவிரி நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. சரி, எப்போது, எந்தக் கணக்கில்? அதை ஆகஸ்டில், வயல் காய்ந்த பிறகு கூட்டம் போட்டுப் பேசுவதால்தான் இரண்டு மாநில விவசாயியும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நிற்கிறோம், கர்நாடகத்து மண்டியாக்காரர் வயலும் அப்போது காய்ந்துதான் கிடக்கிறது.

மே மாதமே கூடுங்கள். எல் நினோ நிலை, இருமுனை நிலை, அணைகளின் இருப்பு மூன்றையும் வைத்து, இந்த வருடம் மழை குறைந்தால் இன்னாருக்கு இவ்வளவு என்று தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுங்கள். கணிப்பு தப்பலாம், தெரியும். 2024-ல் ஜூலை கடைசியில் மளமளவென்று மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் உபரி ஓடியதையும் பார்த்தோம். அதனால் மாதாமாதம் திருத்திச் சொல்லுங்கள். குறுவையை விட்டுவிட்டு ஒருபோகச் சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்யலாமா என்று நாங்கள் முடிவெடுக்க அது போதும், நாற்றங்காலுக்குக் கடன் வாங்கும் முன்னால் தெரிந்தால் போதும்.