கிராங்கைத் திறக்காமல் கிளம்பாதே

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாத்தியார் உன்னை விசாரித்தார். வழக்கம்போல் உன் ஹெல்மெட்டைப் பற்றித்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

உன் டிரையம்ப் பான்வில் பைக்குக்கு ரிங் மாற்றியதை, வால்வு உட்காரவைத்ததை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு எழுதவில்லை! கடைசியில், "டாங்கில் ஆயில் ஜோராகத் திரும்பி வருகிறது, இனி கவலையே இல்லை" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

அந்த ஆயிலை நம்பாதே. பம்ப் தள்ளும் ஆயில், எஞ்சினின் பக்க மூடியான டைமிங் கவர் வழியாகக் கிராங்கின் (பிஸ்டனின் தள்ளலைச் சுழற்சியாக்கும் தண்டின்) முனைக்குள் போய், பிக் எண்டுக்கு (பிஸ்டனின் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்துக்கு) நடுவே ஓடும் ஒரு குழாயைக் கடக்க வேண்டும். அதுதான் ஸ்லட்ஜ் டிராப், அதாவது அழுக்கைப் பிடித்துவைக்கும் பொறி. அந்த எஞ்சினில் கம்பி வலையைத் தவிர வேறு ஃபில்டர் கிடையாது. அதனால் கிராங்க் சுற்றும் வேகத்தில் கனமான அழுக்கை ஓரத்துக்கு வீசி இந்தக் குழாயில் ஒதுக்கிவிட்டு, தெளிந்த ஆயிலை மட்டும் ராடுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அருமையான யோசனைதான், குழாயில் இடம் இருக்கும்வரை. அது அடைத்துக்கொண்டாலும், அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வு ஆயிலைக் கீழே கொட்டிவிடும், பம்ப் அதை டாங்குக்கே ஏற்றிவிடும். மேலே வால்வைத் தள்ளும் ராக்கருக்கும் அந்தத் திரும்பும் லைனிலிருந்துதான் ஆயில். ஆக மேலே எங்கே தொட்டாலும் ஈரமாக இருக்கும். உள்ளே பிக் எண்ட் காய்ந்துகொண்டிருக்கும்.

இந்த வாரம் என் 1966 எஞ்சினின் கிராங்கைத் திறந்தேன். ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டில் ஒன்றின் மூக்கு அந்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் குழாயை இழுக்கவே முடியாது. முனையில் உள்ள பிளக்கைப் பஞ்ச் அடித்துப் பூட்டியிருந்தார்கள். அந்தப் புள்ளியை மட்டும் டிரில் செய்து, சூடுகாட்டி, இம்பாக்ட் டிரைவரால் தட்டித்தான் அசைத்தேன். குழாய் வெளியே வந்தபோது உள்ளே தார்க்கட்டிபோல் இறுகிய கறுப்பு. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் உலோகத் துகள் மினுங்குகிறது. ஒரு பக்கத்துத் துளையில் ஊசி நுழையும் இடம்தான் மிச்சம். அந்தப் பக்கத்து பிக் எண்ட் பேரிங் ஷெல்லில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்.

இப்படிப்பட்ட எஞ்சினைத்தான் நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிறாய், பின்னால் தங்கச்சியை உட்கார வைத்துக்கொண்டு. பிக் எண்ட் போனால் அடுத்தது ராடு. ராடு உடைந்தால் எஞ்சினின் கூடான கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். டிரையம்பின் மெரிடன் தொழிற்சாலை 1983-லேயே மூடியாயிற்று. பொருத்தமான பழைய கேஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கோபப்படாதே. உன் கை வேலையை நான் குறை சொல்லவில்லை. ஹெட் வேலை நீ செய்தால் அது வேலை. ஆனால் எஞ்சினை இறக்கு, கேஸைப் பிரி. ராடு மாட்டும் கிராங்க் பின்னை மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் ஷெல் வாங்காதே. ஏற்கெனவே யாராவது 0.010 அங்குலமோ 0.020 அங்குலமோ அரைத்திருக்கலாம். ஆயில் துளைகளை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்துப் பார். புதுக் குழாயைப் போடும்போது போல்ட்டின் மூக்கு அதன் துளையில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, லாக்டைட் பசை போட்டு முடுக்கு.

பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர் செட்டும், இழுத்துக் கழற்றும் புல்லரும் அனுப்புகிறேன். என் கிராங்க் அரைத்து வரும்வரை எனக்கு அவை வேண்டாம். உன் எஞ்சின் நம்பரை எழுதி அனுப்பு, போல்ட் எந்தத் திரெட் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கிக்கரில் கால் வைக்காதே.

உன்,
பழைய பின்சீட்டுத் தோழன்