ஒரு நாள் எதுவும் வாங்காம இருப்போமே

ஆசிரியருக்கு வணக்கம்,

பிளாக் ஃபிரைடே, அதான் அமெரிக்காவுல நவம்பர் கடைசியில வர்ற தள்ளுபடி வெள்ளிக்கிழமை, அதோட ஆஃபர்னு போன்ல மெசேஜ் வந்துட்டே இருக்கு, ஆடித் தள்ளுபடி தீபாவளித் தள்ளுபடி போதாதுன்னு இப்ப இதுவும் சேர்ந்தாச்சு. ஆனா 1992-ல கனடாவுல 'எதுவும் வாங்காத நாள்'னு ஒண்ணு ஆரம்பிச்சு, 1997-ல அதை இதே வெள்ளிக்கிழமைக்கு மாத்தினாங்க, அன்னிக்கு பர்ஸைத் திறக்காம இருக்கறதுதான் போராட்டமே. நேத்து பரண்ல பாத்தேன், போன வருஷம் பாதி விலைன்னு வாங்கின ஏர் ஃபிரையர் டேப்பு கூட பிரிக்காம தூசி படிஞ்சு கிடக்கு, அதுக்கு மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டினதை நினைச்சா வயிறு எரியுது. மறுநாள் போய் வாங்கத்தானே போறோம்னு பொண்ணு கேக்கறா, வாங்கட்டும், ஆனா ஒரு ராத்திரி தள்ளிப்போட்டாலே பாதி சாமான் வேண்டாம்னு தோணிடும். இந்த வெள்ளிக்கிழமை எங்க வீட்ல பால் தவிர எதுவும் வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம், வாசகர்களும் சேர்ந்துக்கணும்னு கேட்டுக்கறேன்.

ஒரு வாசகி, சென்னை