மச்சானுக்கு, புல் மெஷின் விஷயமாக

சுங்கை சிப்புட்

அடேய் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்லை. உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்குத் தங்கச்சி என்னைத் திட்டியிருப்பாள், திட்டட்டும். கூலிம் தொழிற்சாலையில் ஓ.டி.யை வெட்டிவிட்டார்கள், சனி ஞாயிறில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எழுதியிருந்தாய். முறுக்கு சுட்டு விற்பது, கிராப் வாடகைக் கார் ஓட்டுவது, ஆடு வளர்ப்பது என்று ஒரு பட்டியலும் போட்டிருந்தாய். ஆட்டைப் பற்றி நான் பேசவே போவதில்லை. ஆடு தின்ற பெரிய கிராணி வீட்டு ரோஜாவை நீ மறந்திருக்க மாட்டாய்.

முறுக்கு தீபாவளியோடு சரி, பிறகு அச்சு பரணுக்குப் போய்விடும். கிராப் ஓட்ட, பயணிகளை ஏற்றுவதற்கான பி.எஸ்.வி. லைசென்ஸ் எடுக்க வேண்டும், காருக்கு இன்சூரன்ஸைக் கூட்ட வேண்டும். லூனாஸ் மாதிரி ஊரில் சவாரிக்காக காத்துக்கிடக்கிற நேரம்தான் அதிகம். நீ கடைசியில் பேருக்கு ஒரு வரி எழுதியிருந்தாயே, புல் வெட்டுவது, அதைத்தான் நான் சொல்வேன்.

அதற்கு முன் ஒன்று. நெட்டையன் மகனுக்கு டெலிகிராமில் ஒரு 'பார்ட் டைம்' வந்திருக்கிறது. பேங்க் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்தால் போதும், மாதாமாதம் காசு வருமாம். அதுதான் அக்காவுன் கெல்டாய், மோசடிப் பணத்தைச் சுமக்கிற கழுதைக் கணக்கு. மோசடிக்காரன் யாரிடமோ பிடுங்கிய பணம் இவன் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரனைத்தான். "எனக்குத் தெரியாது" என்பது அங்கே எடுபடாது. பையன் உன் பேச்சைக் கேட்பான், இன்றைக்கே போன் போடு. கார்டு கைமாறிவிட்டது என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பேங்குக்குச் சொல்லி முடக்கட்டும். பணம் ஏதாவது நகர்ந்திருந்தால் மோசடிப் புகாருக்கான 997க்கு அழைக்க வேண்டும்.

சரி, புல்லுக்கு வருவோம்.

மெஷினில் இரண்டு ஜாதி. முதுகில் மாட்டுவது மேட்டுக்கும் கால்வாய்க் கரைக்கும் வசதி. ஆனால் வளைகிற குழாய்க்குள் ஓடும் கேபிளுக்கு கிரீஸ் காய்ந்தால் அறுந்துவிடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள்தான் என்றால் தோளில் மாட்டுகிற நேர்க்குழாய் போதும், செலவும் குறைவு.

எண்ணெய்க் கலவையில்தான் பாதிப் பேர் மெஷினைக் கொல்கிறார்கள். சாதாரண டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு 25க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி எண்ணெய். சில மெஷினுக்கு 50க்கு 1 என்று போட்டிருப்பான், புத்தகத்தைப் பார்த்துக்கொள். கண்ணளவில் ஊற்றாதே. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் கீறி இஞ்சின் இறுகிவிடும். கூடினால் புகை, பிளக்கில் கரி, எக்ஸோஸ் அடைத்து, திராட்டலை அழுத்த அழுத்த இழுக்காமல் திணறும். கார் இஞ்சின் எண்ணெய் கூடவே கூடாது. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதே. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக அணையும்வரை ஓடவிடு. இல்லாவிட்டால் கார்புரேட்டருக்குள் பிசின் கட்டும், அடுத்த சனிக்கிழமை கயிற்றை இழுத்தே தோள் கழன்றுவிடும்.

காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பிழி. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். அடியில் இருக்கும் கியர் தலைக்கு 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடி. தொட்டால் கை சுடுகிறதா, கிரீஸ் தீர்ந்துவிட்டது.

வீட்டுப் புல்லுக்கு 2.4 மில்லிமீட்டர் நைலான் கயிறு போதும். தலையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு சாண் தாண்டாமல் பார்த்துக்கொள். நீளம் கூடினால் இஞ்சின் திணறி கிளட்ச் எரியும். முதல் நாள் ராத்திரி கயிற்றைத் தண்ணீரில் ஊறப்போடு. காய்ந்த நைலான் சும்மா சும்மா ஒடியும். லாலான் என்கிற முரட்டுப் புல்லுக்கும் புதருக்கும் கத்தி. அதன் நட்டு இடது மரை, கடிகாரம் ஓடும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முக்கி முக்கி மரையைத் தின்றவர்கள் நிறைய. வெட்டும்போது வலமிருந்து இடமாக வீசு. கத்தியின் முன்வலது முனை கட்டையில் பட்டால் மெஷின் பக்கவாட்டில் எகிறும்.

மெஷினைத் தூக்குவதற்கு முன் இடத்தைச் சுற்றி நட. கல், நாய்ச் சங்கிலி, வேலிக் கம்பி, பழைய துணிக் கயிறு எல்லாவற்றையும் பொறுக்கிவிடு. வேலியோரமும் கூரை விளிம்பும் பார், தெபுவான் குளவிக் கூடு இருந்தால் தொடாதே, போம்பாவை (தீயணைப்புப் படையை) அழைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பு. பதினைந்து மீட்டருக்குள் ஆள் வரக்கூடாது. கார் நின்றால் நகர்த்தச் சொல், முடியாதென்றால் கல் தெறிக்காமல் தடுப்பு வலையைப் பிடிக்க ஓர் ஆளை வை. சம்பாதித்ததையெல்லாம் ஒரு கண்ணாடி தின்றுவிடும். உன் கண்ணுக்கும் ஒரு கண்ணாடி மாட்டு, வெயில் கண்ணாடி பத்தாது.

விலைதான் நீ சொதப்பப்போகிற இடம். யாராவது "என்னண்ணே, நம்ம ஆளுதானே" என்றால் பாதி விலைக்கு இறங்கிவிடுவாய். இடத்தின் அளவைப் பார்க்காதே, நேரத்தைப் பார். வெட்டுகிற நேரத்துக்குச் சமமாக வாருவதற்கும் மூட்டை கட்டுவதற்கும் ஆகும், அதைக் கணக்கில் சேர்க்காதவன் இனாமுக்கு உழைக்கிறான். போனில் விலை சொல்லாதே, படம் அனுப்பச் சொல். முட்டி உயரப் புல்லுக்கு முதல் தடவை இரட்டிப்பு, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்ட ஒத்துக்கொண்டால் வழக்கமான விலை. காசு அங்கேதான். ஒரே தாமானில் பத்து வீடு நிலையாக இருந்தால் பெட்ரோலும் அலைச்சலும் மிச்சம். குப்பை ஏற்றுவதற்குத் தனிக் காசு. கொளுத்திவிடலாம் என்று எவனாவது சொன்னால் கேட்காதே, திறந்தவெளி எரிப்புக்கு அபராதம். கால்வாயில் தள்ளினால் அடுத்த மழையில் வெள்ளம் அவன் வீட்டுக்குள்தான் வரும்.

ஏப்ரலில் செங் பெங் என்கிற முன்னோர் வழிபாட்டு நாளுக்கு முன் சீனர்கள் கல்லறை சுத்தம் பண்ண ஆள் தேடுவார்கள். ஹரி ராயா பெருநாளுக்கு முந்திய வாரம் மலாய்க் கம்பத்து வீடுகள். தீபாவளிக்கு நம் ஆட்கள், எல்லாருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் புல் குதியாட்டம் போடும், ஆனால் நனைந்த புல்லை வெட்டினால் சுற்றிக்கொண்டு அடைக்கும். பனி காயட்டும், ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பி. அக்கம்பக்கத்தாரும் ஏச மாட்டார்கள்.

கோவில் கமிட்டி, பள்ளிக்கூடம் என்று போனால் பில் கேட்பார்கள். தொழில் பதிகிற எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் பதிய வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப்பெயர் வைத்தால் 60. முதலில் உன் வேலைக் கடிதத்தை எடுத்துப் படி, வெளிவேலை கூடாது என்று இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வை. தொழிலாளர் காப்புறுதி பார்க்கிற பெர்கெசோவில் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது, 2017 சட்டத்தில் வந்தது. அதையும் விசாரி.

நீ பார்த்து வைத்திருக்கிற அந்த 400 வெள்ளி செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையே? சொல்லாமல் போய் நில். சூடாக இருந்தால் ஆறவிட்டுப் பிறகு இழு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போன மெஷினை ஆள் வருவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். பிளக்கைக் கழற்றிப் பார், எக்ஸோஸ் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனில் கீறல் இருக்கிறதா என்று பார். கீறல் இருந்தால் நூறு வெள்ளிக்குக்கூட வேண்டாம். படம் எடுத்து அனுப்பு, ராத்திரி பார்த்துச் சொல்கிறேன். நெட்டையன் மகனுக்கு அதற்கு முன்னால் போன் போட்டுவிடு.

உன்
மச்சான்