கடற்கரை மேல் ஓடும் சின்ன ரயில்

மண்டபம்

அன்பு மகளுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். வேல்ஸில் பெஸ்டினியாக் என்ற சின்ன ரயிலில் பேரனுடன் போய்வந்து நீ அனுப்பிய படங்களை நேற்றிரவு பார்த்தோம். அம்மா பேரனின் முகத்தைப் பார்த்தாள். பாம்பன் பாலத்தில் 28 வருடம், தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேனாக இருந்த நான் தண்டவாளத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகலம் 597 மில்லிமீட்டர்தான். நம் பழைய மீட்டர்கேஜுக்கே அது பிள்ளை.

பேரனுக்கு இதைச் சொல். 1836-இல் அந்தப் பாதையைப் போட்டது மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைப் போர்த்மடாக் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. பாதை கடலை நோக்கிச் சரிவதால் கல் ஏற்றிய வண்டிகள் எஞ்சின் இல்லாமலே உருண்டு வரும்; பிரேக் பிடிக்க மட்டும் ஆட்கள் உடன் வருவார்கள். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும் குதிரைகள், இறங்கும்போது தமக்கென்று இருந்த பெட்டியில் ஏறி நின்று வந்தன. நீராவி எஞ்சின் 1863-இல்தான் வந்தது.

சிலேட்டுத் தொழில் நலிந்து 1946-இல் வண்டி நின்றது. 1955-இல் ஆர்வலர்கள் மீண்டும் ஓட்டிய முதல் துண்டு, நீ படம் எடுத்த, முகத்துவாரத்தின் குறுக்கே ஏறத்தாழ ஒரு மைல் போகும் அந்தத் தடுப்புக்கரைதான். மேலே பாதையின் ஒரு பகுதி மின்நிலைய நீர்த்தேக்கத்தில் மூழ்கியதால், 1965 முதல் 1978 வரை, பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்களே மலையை வளைத்துப் புதுப்பாதை அமைத்தார்கள். பதின்மூன்று வருடம், மகளே! நினைக்கவே நெஞ்சு நிறைகிறது. 1982-இல் வண்டி பழையபடி மேலே மலையில் உள்ள ஊர் வரை போனது.

இங்கேயோ, 1964 புயலில் போன தனுஷ்கோடிப் பாதையில் இன்றுவரை வண்டி ஓடவில்லை. மணலில் நிலையத்தின் இடிந்த சுவர்கள்தாம் நிற்கின்றன. 1914 முதல் ரயிலைத் தாங்கிய நம் பழைய பாலத்திலும் 2022 டிசம்பரோடு ஓட்டம் நின்றது. புதுப்பாலம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் பழைய பாலத்தை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. உப்புக்காற்றில் இரும்பு ஏடு ஏடாக உரியும். சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட்டு மறுகோடி போய்த் திரும்புவதற்குள் அங்கே மறுபடி துரு பூத்திருக்கும். ஆள் கை படாத இரும்பைக் கடல் விட்டுவைக்காது.

உன் நான்காவது படத்தில், கரை மேல், இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் பிஷ்பிளேட்டு ஒன்றின் போல்ட்டில் புதுக் கிரீஸ் மின்னுகிறது. அடுத்த முறை போகும்போது, கடல் பக்கத்துப் போல்ட்டுகளுக்கு என்ன பூசுகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசுகிறார்கள் என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா