ஊர்ப் பள்ளிச் சேர்க்கையும் ஆறாம் வகுப்புக் குடிமையியல் பாடமும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் சிலர்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: சாதி பார்த்துப் பள்ளி மாற்றுவதால் காலியாகும் தொடக்கப் பள்ளிகளைக் காப்பது, பாரபட்சம் பற்றிய பாடத்தைத் திருத்துவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது பெற்றோர் விருப்பம். அதைத் தடுக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருகிறார்கள், சத்துணவை யார் சமைக்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வெளியே சொல்வது மட்டும் 'இங்கிலீஷ் மீடியம்'.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். ஒரு தெருக்காரர்கள் மொத்தமாகப் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டால், 80 பேர் படித்த பள்ளி 40க்கு இறங்கும். மூன்றாமவர் உபரி என்று பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். மிச்சமிருக்கும் இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரத் தொகுப்பு) பதிவுக்கோ போனால், ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அடுத்த ஜூனில் 'அங்கே வாத்தியாரே இல்லை' என்ற பேச்சு உண்மையாகிவிடும். மீதிப் பேரும் டிசி கேட்டு வருவார்கள்.

இப்படிப் பிரிந்து படித்தவர்கள் ஆறாம் வகுப்பில்தான் முதன்முறையாக ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். சிலர் கையில் அப்போதே சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு இருக்கிறது. நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பின் 2023இல் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிற்றைத் தடை செய்யவும், பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்கவும் சொன்னது. பரிந்துரை நல்லது. ஆனால் கயிறு ஏன் கூடாது என்பதைச் சொல்லித்தர வேண்டியது பாடநூல்தானே?

எல்லாப் பாடநூலிலும் 'தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்' என்ற வாசகம் அச்சாகிறது. ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் 'சமத்துவம் பெறுதல்' பாடமும் உண்டு. பாரபட்சத்துக்கு வரையறை, காரணங்களின் பட்டியல், சாதித்தவர்களின் படங்கள் எல்லாம் இருக்கின்றன. பயிற்சியில், பாரபட்சத்துக்குக் காரணம் அல்லாதது எது என்று ஒரு கேள்வி. விடை: புவியியல். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் இடத்திலிருந்து வரும் பிள்ளையிடம் அப்படி எழுதினால்தான் ஒரு மதிப்பெண் என்கிறோம்!

புதிய பாடநூலில் அந்தக் கேள்வியை நீக்கி, ஒரு கற்பனைக் கிராமத்தின் வரைபடத்தை ஒரு பக்க அளவில் அச்சிடக் கோருகிறோம். தண்ணீர்க் குழாய், இரண்டு வகைக் குவளை வைத்த டீக்கடை, ரேஷன் கடை, இரண்டு சுடுகாடு, பேருந்து நிறுத்தம் அதில் இருக்கட்டும். எவை தீண்டாமையை ஒழிக்கும் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவுக்கு எதிரானவை, யாரிடம் புகார் சொல்வது என்று பிள்ளைகள் குழுவாகக் கண்டுபிடிக்கட்டும். கற்பனை ஊர் என்பது முக்கியம். ஆசிரியர் 'உங்கள் தெருவில் எப்படி?' என்று கேட்டுவிட்டால் ஒவ்வொரு பிள்ளையின் சாதியும் வகுப்பிலேயே வெளிப்பட்டுவிடும். பாடம் முடிவதற்குள் வகுப்பு இரண்டாகும். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று ஆசிரியர் கையேட்டில் வெளிப்படையாக எழுத வேண்டும். இதற்கு மூன்று பாடவேளை தேவை. இப்போது ஒன்றில் ஓட்டிவிடுகிறோம்.

சேர்க்கையைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்ற மொத்த எண்ணிக்கையை, பெயரோ சாதியோ இல்லாமல், எமிஸிலிருந்து எடுத்து பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தர வேண்டும். ஒரு குடியிருப்பு முழுக்க விலகியது தெரிந்தால் அந்தப் பள்ளியில் மூன்று ஆண்டுகளுக்குப் பணிநிரவல் செய்யக் கூடாது. சமையலரை மாற்றச் சொல்லி வரும் வாய்மொழிக் கோரிக்கையைத் தலைமையாசிரியர் எழுத்தில் வாங்கி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பவும் உத்தரவிட வேண்டும். கையெழுத்துப் போடச் சொன்னாலே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)